மல்லிகாவுக்கு, ரோலர் கோஸ்டர் பற்றி

அன்புள்ள மல்லிகா,

அம்மாவுக்குக் கண்புரை அறுவை நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. கண்ணாடி இல்லாமலே செய்தித்தாளின் தலைப்புகளைப் படிக்கிறார்கள் என்று எழுதியிருந்தாயே, அந்த வரியை இவரிடமும் வாசித்துக் காட்டினேன். சின்னவனுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்ததும் உடனே தெரியப்படுத்து.

இங்கே பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டது. போன சனிக்கிழமை யாழினியைக் கூட்டிக்கொண்டு சீடார் பாயிண்ட் என்ற கேளிக்கைப் பூங்காவுக்குப் போய்வந்தோம். கொலம்பஸிலிருந்து வடக்கே காரில் இரண்டு மணி நேரம். சாண்டஸ்கி என்ற ஊரில், ஈரி ஏரிக்குள் நீண்டு கிடக்கும் நிலத்தில் இருக்கிறது பூங்கா. 1870இல் ஏரியில் குளிக்க வருகிறவர்களுக்காகத் தொடங்கிய இடம். இன்று மூன்று பக்கமும் தண்ணீர், நடுவில் எங்கே பார்த்தாலும் தண்டவாளம். ஜூன் மாதம் என்பதால் ஏரியிலிருந்து மேஃப்ளை பூச்சிகள் வேறு கிளம்பியிருந்தன. வேலி, விளக்குக் கம்பம், வரிசையில் நிற்பவர்களின் சட்டை என்று எல்லா இடத்திலும் ஒட்டிக்கொண்டிருந்தன. கடிக்காது, பாவம், சிறகு வந்தபின் ஓரிரு நாள்தான் அவற்றுக்கு ஆயுள்.

காசு கொடுத்து ரோலர் கோஸ்டரில் ஏறிப் பயப்படுவானேன் என்று ஒருமுறை கேட்டாய். அப்போது சரியாகப் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். பயத்துக்காக யாரும் அங்கே போவதில்லை. உடம்பு இருக்கையை விட்டு மேலே எழுகிறதே, அந்த ஒரு கணத்துக்காகத்தான் இத்தனை இரும்பும் மரமும்.

முதலில் மில்லேனியம் ஃபோர்ஸ் என்ற கோஸ்டரில் ஏறினோம். 2000இல் கட்டியது, 310 அடி உயரம், மணிக்கு 150 கிலோமீட்டர் வேகம். வாசலில் உயரம் அளக்கும் கம்பு வைத்திருக்கிறார்கள். நான்கு அடி இருந்தால் போதும், யாழினி நான்கு அடி இரண்டு அங்குலம். மற்றவற்றில் சங்கிலி ‘டக் டக்’ என்று மெதுவாக இழுத்துப் போகும். இதில் கம்பி வடம், விறுவிறுவென்று ஏறிவிடுகிறது. பக்கத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் ஏரி. அதை ரசிக்கத் தொடங்குவதற்குள் முன்பெட்டி மறைந்து, நாமும் செங்குத்தாகக் கீழே. கண்ணில் நீர் வழிகிறது, காதில் காற்றைத் தவிர ஒன்றும் கேட்பதில்லை. பிரமாதமான ரைடு, சந்தேகமே இல்லை. ஆனால் அதன் பெருமை வேகத்தில். பெரும்பாலான நேரம் இருக்கையிலேயே அழுந்தி உட்கார்ந்திருக்கிறோம்.

பக்கத்திலேயே மேக்னம். தொடங்கிய இடத்துக்கே சுற்றிவரும் கோஸ்டர்களில் உலகிலேயே முதலில் 200 அடியைத் தாண்டியது இதுதான், 1989இல். பூங்காக்களுக்குள் உயரப் போட்டி சூடு பிடித்தது அதற்குப் பிறகுதான். திரும்பி வரும் வழியில் உள்ள சின்ன மேடுகள் தொடையைப் பதம் பார்த்துவிடும்.

நீ பதினொன்றாம் வகுப்புக்கு இயற்பியல் எடுப்பவள் என்பதால், உடம்பு ஏன் இருக்கையை விட்டு எழுகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். கல்லூரி நாளில் டவுன் பஸ்ஸின் கடைசி சீட்டில் உட்கார்ந்து, பாலத்து மேட்டில் ஏறி இறங்கும்போது வயிறு ஒரு நொடி காணாமல் போகுமே, அதேதான் இது. எறிந்த கல் வளைந்து போகும் பாதையிலேயே மேட்டின் வளைவும் அமைந்துவிட்டால், இருக்கை நம்மைத் தாங்க வேண்டிய அவசியமே இல்லை. இருக்கை தாங்குவதைத்தானே நாம் எடை என்று உணர்கிறோம், அது இல்லாமல் போகிறது. வளைவு அதைவிடவும் கூர்மையாக இருந்தால் வண்டி நமக்கு முன்னால் கீழே இறங்கிவிடும், மடிமேல் உள்ள கம்பிதான் நம்மைப் பிடித்து இழுத்துப் போகிறது. சரி, வண்டியை யார் பிடித்திருக்கிறார்கள்? தண்டவாளத்துக்கு மேலேயும் பக்கத்திலும் இருப்பதுபோல அடியிலும் சக்கரங்கள் இருக்கின்றன. அடிச் சக்கரத்துக்கு ஜான் மில்லர் என்ற அமெரிக்கர் காப்புரிமை வாங்கியது 1919இல். 1884இல் நியூயார்க்கின் கோனி ஐலண்டில் ஐந்து சென்ட் கட்டணத்துக்கு ஓடிய முதல் வண்டி மணிக்குப் பத்து கிலோமீட்டர் வேகத்தில்தான் போனது. மில்லரின் சக்கரம் வந்த பிறகுதான் துணிந்து மேடுகளைக் கூர்மையாக்க முடிந்தது. என்னைக் கேட்டால், அந்த மனிதருக்கு ஒவ்வொரு பூங்காவிலும் ஒரு சிலை வைக்கலாம்.

மதியத்துக்கு மேல் ப்ளூ ஸ்ட்ரீக். 1964இல் கட்டிய மரக் கோஸ்டர், 78 அடிதான். பெயர்கூட உள்ளூர்ப் பள்ளியின் விளையாட்டு அணிப் பெயர். கோடு போட்டமாதிரி நேராகப் போய்த் திரும்புகிறது, தலைகீழாகச் சுற்றுவதெல்லாம் கிடையாது. வரிசையும் பெரிதாக இல்லை. முன்பெட்டியில் ஒரு பாட்டி பேரனோடு உட்கார்ந்திருந்தார். மேட்டுக்கு மேடு இருவரும் சேர்ந்தே எழுந்து சேர்ந்தே உட்கார்ந்ததைப் பின்னாலிருந்து பார்த்தோம். யாழினி சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. இறங்கியதும் என் கையைப் பிடித்து நேராக வரிசைக்கே இழுத்துப் போனாள். அரை நூற்றாண்டுக்கு மேலான மரச் சட்டம் இன்றைக்கும் இந்தச் சந்தோஷத்தைக் கொடுக்கிறது என்றால், உயரத்துக்காக இத்தனை போட்டி எதற்கு என்று தோன்றியது.

அப்புறம் ஸ்டீல் வெஞ்சன்ஸ். இதற்கு நான்கு அடி நான்கு அங்குலம் வேண்டும், அதனால் யாழினியை அப்பாவோடு குதிரை ராட்டினத்துக்கு அனுப்பிவிட்டு நான் மட்டும் நின்றேன். 1991இல் கட்டிய பழைய மரக் கோஸ்டர் ஒன்றை 2016இல் மூடி, அந்த மரச் சட்டங்களையே பெருமளவு வைத்துக்கொண்டு மேலே எஃகுத் தண்டவாளம் போட்டு 2018இல் மறுபடி திறந்தார்கள். இடித்துத் தள்ளாமல் இப்படிச் செய்தது எனக்கு ரொம்பப் பிடித்தது. வரிசையில் எல்லாரும் பேசிக்கொண்டிருந்தார்கள். பிட்ஸ்பர்க்கிலிருந்து வந்த ஒருவர், கடைசிப் பெட்டியில் உட்காருங்கள், மேடுகளில் அதுதான் நன்றாகத் தூக்கி வீசும் என்றார். உட்கார்ந்தேன். இருக்கையை விட்டு எழுந்திருக்கும் நேரம் மட்டுமே மொத்தம் 27 நொடி என்று பூங்கா சொல்கிறது. அனுபவித்தபோது அதைவிடக் கூடவே தோன்றியது. மரச் சட்டங்களுக்கு நடுவே புகுந்து புகுந்து போகும்போது, இதை வரைந்தவர்கள் உடம்பின் மொழியை எவ்வளவு நுணுக்கமாகப் படித்திருக்கிறார்கள் என்று வியந்துபோனேன்.

டிசம்பரில் ஊருக்கு வருகிறோம், டிக்கெட் போட்டாயிற்று. திருப்போரூர் பக்கம் 2024 டிசம்பரில் திறந்த வொண்டர்லா பூங்காவில் தஞ்சோரா என்று ஒரு கோஸ்டர் இருக்கிறது. தண்டவாளம் தலைக்கு மேல், கால் அந்தரத்தில் தொங்கும். சீடார் பாயிண்டில் 1994 முதல் ஓடும் ராப்டரைச் செய்த அதே சுவிஸ் நிறுவனம்தான் இதையும் செய்தது. நீ என்னோடு ஏற வேண்டும் மல்லிகா. முதுகு வலி எப்படி இருக்கிறது என்று மட்டும் முன்னாலேயே டாக்டரிடம் கேட்டுவிடு. உன் வகுப்புப் பிள்ளைகளை அழைத்து வர பள்ளியில் அனுமதித்தால் இன்னும் நல்லது. தேதி எது தோதாக இருக்கும் என்று எழுது.

அன்புடன்,
கௌரி