அந்த வாழைப்பழம் என்ன ரகம்?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சுவரில் டேப் போட்டு ஒட்டிய வாழைப்பழம் கலைப்படைப்பு என்று ஏலம் போன கதையை ஞாயிறு மலரின் விநோதச் செய்திகளில் மறுபடி நினைவுபடுத்தியிருந்தீர்கள். 2024 நவம்பரில் நியூயார்க்கில் 62 லட்சம் டாலருக்குப் போனது, நம் பணத்தில் 52 கோடிக்குப் பக்கம். வாங்கிய கிரிப்டோ பணக்காரர் ஹாங்காங்கில் பத்திரிகைக்காரர்கள் முன்னால் அதை உரித்துத் தின்றும் விட்டார். எல்லாம் சரி, பழம் என்ன ரகம் என்று ஒரு வரி எழுதக் கூடாதா?

சிரிக்காதீர்கள். களியக்காவிளைக் கடையில் வந்து 'வாழைப்பழம் தாருங்கள்' என்று சொல்லிப் பாருங்கள். ஏத்தனா, செந்துழுவனா, பாளையங்கோடனா, ரசகதலியா என்று திருப்பிக் கேட்பார்கள். கைக்குழந்தைக்கு என்றால் மட்டி. அதற்கு 2023-இல் புவிசார் குறியீடே கிடைத்தது. ஓணத்துக்கு வறுக்க என்றால் ஏத்தன்தான். மாற்றி வாங்கிப் போனால் வீட்டில் ஏச்சு நிச்சயம்.

படத்தில் இருப்பது கேவண்டிஷ் இனம். அமெரிக்கக் கடைகளில் அதைத் தவிர வேறு பழம் கிடைப்பதே அபூர்வம். இங்கே ரோபஸ்டா என்று தொங்குவதும் அந்தக் குடும்பம்தான். இதைச் சொன்னதும் என் மனைவி, "ரோபஸ்டாவுக்கா 52 கோடி?" என்றாள். விலையை விட ரகம்தான் அவளுக்குத் தாங்கவில்லை.

வாங்கியவருக்கு ஒரு சான்றிதழும் ஒட்டும் முறையும்தான் சொந்தமாம். பழம் கறுத்தால் வேறு பழம் மாற்றிக்கொள்ளலாம். போன ஓணத்துக்கு முன்னால் நான் கொண்டுபோன ஏத்தன் குலையில் கீழ்ச்சீப்பில் இரண்டு காயில் கம்பு உரசிய கறுப்பு. வியாபாரி விரலால் தடவிப் பார்த்துவிட்டு, குலைக்கே விலையைக் குறைத்தார். காற்றில் சாயாமல் நிற்கத்தானே அந்தக் கம்பை ஊன்றினேன்?

இன்னொரு குறை. ஏலத்தில் ஒட்டியிருந்த பழத்தை 35 சென்டுக்கு, அதாவது சுமார் 30 ரூபாய்க்கு விற்றவர் ஏலக்கூடத்துக்கு வெளியே ஒரு பழக்கடையில் கூலிக்கு நின்ற, அப்போது 74 வயதான பெரியவர், வங்கதேசத்திலிருந்து போனவர். விலையைக் கேட்டு அவர் அழுதுவிட்டார் என்று அப்போதே படித்திருக்கிறேன். தின்றவரின் படத்தைப் பெரிதாகப் போட்ட நீங்கள், விற்றவருக்கு ஒரு வரி கொடுக்கவில்லை.

அப்புறம், உங்கள் செய்தியின் விளைவு ஒன்று: எங்கள் பேரன் வரவேற்பறைச் சுவரில் ஒரு மட்டிப்பழத்தை டேப் போட்டு ஒட்டினான். மறுநாள் காலை கூரையிலிருந்து எறும்பு வரிசை இறங்கியிருந்தது. மூன்றாம் நாள் பழம் தொளதொளத்து டேப்பிலிருந்து நழுவி, கீழே கழற்றிவைத்திருந்த என் செருப்பில் விழுந்தது. விலை கேட்டு இதுவரை யாரும் வரவில்லை.

இப்படிக்கு,
வாழை விவசாயி ஒருவர்,
களியக்காவிளை