ரோமுக்கு ஏன் நான்கு நாட்கள்? பதிவு செய்பவர்களுக்கு எங்கள் விளக்கம்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். எங்கள் ரோம் பயணத் திட்டத்தைப் பார்த்துவிட்டு உங்களில் பலர் கேட்பது இதுதான்: "ஐரோப்பா டூரில் ரோமுக்கு ஒரு நாள், மிஞ்சினால் ஒன்றரை நாள்தான் தருவார்கள். நீங்கள் ஏன் நான்கு நாட்கள் வைத்திருக்கிறீர்கள்? அதிலும் ஒரு நாளைக்கு இரண்டே இடங்கள்தானா?" அதற்கும், பணம் கட்டிய உடனே பாஸ்போர்ட் நகலை அனுப்பச் சொல்லி நாங்கள் அவசரப்படுத்துவதற்கும் சேர்த்துப் பதில் எழுதுகிறோம்.

கொலோசியத்தின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ளப் பத்து நிமிடம் போதும். பஸ்ஸை விட்டு இறங்கி, படம் எடுத்து, ஏறிப் போய்விடுகிறவர்களே அதிகம். நாங்கள் அங்கே அரை நாள் ஒதுக்கியிருக்கிறோம். வடக்குப் பக்கத்து வளைவுகளை அண்ணாந்து பார்த்தால் பெரும்பாலானவற்றின் மேலே கல்லில் வெட்டிய ரோமன் எண் தெரியும். கீழ்த்தளத்தில் அன்று இருந்த வளைவுகள் 80. அவற்றில் 76க்கு எண் போட்டிருந்தார்கள். ஏறத்தாழ ஐம்பதாயிரம் பேர் கூடிய அரங்கில் யார் எந்த வாசலில் நுழைய வேண்டும் என்பதை அந்த எண்தான் சொன்னது. சுவர் முழுக்கத் தெரியும் குழிகளைக் குண்டு பட்ட காயம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில், கற்களைப் பிணைத்திருந்த இரும்புப் பிடிப்புகளை இடைக்காலத்தில் பெயர்த்து எடுத்துப்போன தடங்கள் அவை. மன்னன் நீரோவின் அரண்மனைத் தோட்டத்தில் செயற்கை ஏரி இருந்த இடத்தில், பேரரசர் வெஸ்பாசியன் இந்த அரங்கைக் கட்டத் தொடங்கினார். கி.பி. 80இல் அவர் மகன் டைட்டஸ் திறந்துவைத்தார். இதையெல்லாம் கைடு சொல்லச் சொல்ல, நின்று நிதானமாகப் பார்த்தால்தான் கல்லும் கட்டடமும் நமக்குப் புரிய ஆரம்பிக்கும்.

அங்கிருந்து சில நிமிட நடைதான் சான் கிளெமென்தே தேவாலயம். பெரிய டூர்களின் பட்டியலில் இது பெரும்பாலும் இருக்காது. எங்களைக் கேட்டால், ரோமை ஒரே இடத்தில் புரிந்துகொள்ள இதைவிட நல்ல இடம் கிடையாது. தெருவிலிருந்து நுழைந்தால் 12ஆம் நூற்றாண்டுத் தேவாலயம். படியிறங்கினால் அதற்கடியில் 4ஆம் நூற்றாண்டுத் தேவாலயம். இன்னும் இறங்கினால் பழைய ரோமானியக் கட்டடங்களும், மித்ராஸ் என்ற தெய்வத்தை வழிபட்ட சிறு கோயிலும். அந்த அடித்தளத்தில் சுவருக்குப் பின்னால் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்கும். ரோம் நகரமே இப்படித்தான், ஒன்றின் மேல் ஒன்றாக எழும்பியது. மெட்ரோவின் மூன்றாவது பாதைக்குத் தோண்டத் தோண்டப் பழம்பொருட்கள் கிடைத்து, வேலை பல முறை தாமதமானது. அவற்றில் சிலவற்றை சான் ஜியோவானி மெட்ரோ நிலையத்திலேயே காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். நாம் அந்த வழியாகப் போகும்போது அங்கேயும் கொஞ்ச நேரம் நிற்போம்.

பாந்தியனுக்கு ஒரு காலைப்பொழுது. ரோமப் பேரரசர் ஹேட்ரியன் காலத்துக் கோயில் கட்டடம். கவிமாடத்தின் விட்டம் 43.3 மீட்டர். தரையிலிருந்து உச்சிவரை உயரமும் அதே அளவுதான். உள்ளே இரும்புக்கம்பி ஒன்றுகூட இல்லாத கான்கிரீட். மேலே போகப் போக எடை குறையட்டும் என்று உச்சிப்பகுதியில் லேசான எரிமலைக் கற்களைக் கலந்திருக்கிறார்கள். உச்சியில் திறந்த வட்டம் ஒன்று உண்டு. அதற்குக் கண்ணாடி கிடையாது, மழை பெய்தால் நேராக உள்ளே விழும், தரையில் இருக்கும் சிறு துளைகள் வழியாக வடிந்துவிடும். வெயில் நாளில் அந்த வட்ட வெளிச்சம் சுவரில் மெல்ல நகர்வதைப் பார்க்க அரை மணி நேரமாவது உள்ளே இருக்க வேண்டும்.

வாடிகனுக்கு ஒரு முழு நாள். அதில் விட்டுக்கொடுக்க எங்களுக்கு மனமில்லை. அருங்காட்சியகத்தின் நீண்ட கூடங்களைக் கடந்து சிஸ்டைன் சிற்றாலயத்துக்குள் நுழையும்போதே கால் ஓய்ந்துவிடும். சுவரோரமாக பெஞ்சுகள் இருக்கும், இடம் கிடைத்தால் உட்கார்ந்துவிடுங்கள். மேற்கூரை ஓவியங்களை மைக்கலாஞ்சலோ 1508 முதல் 1512 வரை வரைந்தார். படுத்துக்கொண்டு வரைந்தார் என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அவர் சாரத்தின் மேல் நின்று, தலையை அண்ணாந்துதான் வரைந்தார். பீடத்துக்குப் பின்சுவரில் உள்ள 'இறுதித் தீர்ப்பு' 1541இல் முடிந்தது. உள்ளே படம் எடுக்கக் கூடாது, கைடு பேசவும் அனுமதியில்லை. அதனால் விளக்கம் எல்லாம் வெளி முற்றத்திலேயே முடிந்துவிடும். அதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டு உள்ளே போங்கள்.

சரி, இனி காகித வேலை. கொலோசியம் நுழைவுச்சீட்டில் ஒவ்வொருவர் பெயரும் அச்சாகி வரும். வாசலில் பாஸ்போர்ட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். நம்மவர்களுக்கு இங்கேதான் சிக்கல். வீட்டில் அழைப்பது ஒரு பெயர், ஆதாரில் இனிஷியலோடு ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் அப்பா பெயரை விரித்தெழுதி ஒரு பெயர். சிலருக்கு 'சர்நேம்' கட்டம் காலியாகவே இருக்கும். எங்களுக்கு வேண்டியது பாஸ்போர்ட்டில் உள்ள பெயர் மட்டும், ஒரு எழுத்தும் மாறாமல். அதையே விசா, விமான டிக்கெட், நுழைவுச்சீட்டு எல்லாவற்றிலும் போடுவோம். வாட்ஸ்அப்பில் பெயரைத் தட்டி அனுப்பாமல், பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் ஸ்கேன் செய்து அனுப்புங்கள். கொலோசியம் டிக்கெட்டுகளை ஒரு மாதம் முன்புதான் விற்பனைக்குத் திறப்பார்கள், வேகமாகத் தீர்ந்துவிடும். அன்றைக்கு எல்லாருடைய பெயரும் எங்கள் கையில் தயாராக இருக்க வேண்டும்.

இத்தாலி உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கடைசி பதினைந்து நாள்வரை அனுமதி உண்டு என்றாலும் அதுவரை காத்திருக்காதீர்கள், கோடைக் காலத்தில் நேர்காணல் தேதி கிடைப்பதே பெரும்பாடு. பாஸ்போர்ட் கடந்த பத்து ஆண்டுகளுக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும். ஊர் திரும்பும் நாளுக்குப் பிறகு குறைந்தது மூன்று மாதம் செல்லுபடியாக வேண்டும், இரண்டு பக்கங்களாவது காலியாக இருக்க வேண்டும். மருத்துவ இன்ஷூரன்ஸ் குறைந்தது 30,000 யூரோவுக்கு வேண்டும், அதை நாங்களே எடுத்துத் தருகிறோம்.

உடை விஷயம் எளிது. தேவாலயங்களில் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். சேலை, சுடிதார் எதுவும் சரிதான். கையில்லாத ரவிக்கை என்றால் போர்த்திக்கொள்ள ஒரு துப்பட்டா வைத்துக்கொள்ளுங்கள். ஆண்கள் அரைக்கால் சட்டையைத் தவிர்த்துவிடுங்கள். செருப்பைப் பற்றி மட்டும் அழுத்திச் சொல்கிறோம். பழைய ரோமின் தெருக்கள் சின்னச் சின்னக் கருங்கற்கள் பாவியவை, மேடும் பள்ளமுமாக இருக்கும், மழை பெய்தால் வழுக்கும். புது ஷூவைப் பெட்டியோடு கொண்டுவராமல், ஒரு மாதமாவது ஊரில் போட்டு நடந்து பழகிய ஷூவைக் கொண்டுவாருங்கள்.

தண்ணீருக்குக் கவலையே வேண்டாம். 1874 முதல் தெருவோரங்களில் 'நாசோனி' என்ற இரும்புக் குழாய்த் தூண்கள் இருக்கின்றன. இரவும் பகலும் நல்ல குடிநீர் ஓடிக்கொண்டே இருக்கும். பாட்டிலில் பிடிக்கலாம். அப்படியே குடிக்க வேண்டுமென்றால் குழாய் வாயை விரலால் அடைத்துக்கொள்ளுங்கள், மேலே உள்ள சிறு துளை வழியாகத் தண்ணீர் வளைந்து எழும். குழந்தைகளுக்கு இது ரொம்பப் பிடித்துப்போகும். தெர்மினி ரயில் நிலையத்திலும் நெரிசலான பஸ்ஸிலும் பிக்பாக்கெட் தொல்லை உண்டு. பாஸ்போர்ட்டைப் பின்பாக்கெட்டில் வைக்காதீர்கள், பையை முன்பக்கமாக மாட்டிக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. முழங்கால் வலி, மூச்சிரைப்பு, சர்க்கரை எது இருந்தாலும் பதிவுப் படிவத்திலேயே எழுதிவிடுங்கள். "மற்றவர்களுக்குத் தொந்தரவாக இருக்குமே" என்று பெரியவர்கள் மறைத்துவிடுகிறார்கள். முன்பே தெரிந்தால் சான் கிளெமென்தேயின் படிகள் வேண்டாதவர்களுக்கு மேல்தளத்திலேயே பார்க்கவும், கொலோசியத்தில் லிஃப்ட் வழியாகப் போகவும் எங்களால் ஏற்பாடு செய்ய முடியும். பாஸ்போர்ட் நகலோடு அந்தப் படிவத்தையும் சேர்த்து அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் பயண ஏற்பாட்டாளர்கள்