பனம்பழ வாரத்துக்குக் கைகொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புள்ள பெற்றோர்களுக்கும், ஊர்ப் பெரியவர்களுக்கும், தாய்மார்-ஆசிரியர் சங்கமான மதர் பி.டி.ஏ. அக்காமார்களுக்கும் வணக்கம்.

ஓணம் லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்த இந்த வாரம், நம் எல்.கே.ஜி., யு.கே.ஜி. பிள்ளைகள் பனையைப் படித்துக்கொண்டிருக்கிறார்கள். கேரள-தமிழ்நாடு எல்லையோரம் இருக்கும் நம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் பிறந்த பிள்ளைகளுக்குப் பனையைப் போய்ப் பாடமாக வைக்க வேண்டுமா என்று ஒரு அம்மா கேட்டார். தினமும் பார்க்கிற மரம்தான். ஆனால் பனம்பழத்தைக் கையில் வாங்கி, முகர்ந்து, உரித்துப் பார்த்த பிள்ளைகள் வகுப்பில் மிகக் குறைவு. அந்தக் குறையைத் தீர்த்தது நீங்கள்தான். அதனால் மொத்தமாக ஒரு நன்றி சொல்லி நிறுத்த மனம் வரவில்லை. நீங்கள் கொடுத்தது பிள்ளைகள் கையில் எப்படிப் பாடமானது என்பதையும் சொல்கிறேன்.

முதலில் பனையேறும் தாத்தா. விடிவதற்குள் மரத்தடியில் விழுந்த பழங்களைப் பார்த்துப் பார்த்து எடுத்து, சாக்கில் கட்டிக் கொண்டுவந்தார். "அடிபட்டது ஒண்ணும் வேண்டாம் டீச்சர், பிள்ளைங்க திங்கறது" என்று பாதியை ஒதுக்கியே வைத்துவிட்டார். ஓலை மட்டையும் கேட்டிருந்தேன். மட்டையின் இரண்டு ஓரத்திலும் இருக்கிற கருக்கு ரம்பம் போலக் கையை அறுத்துவிடும். அதை அரிவாளால் சீவி, தன் உள்ளங்கையை மேலிருந்து கீழ் வரை ஓட்டிப் பார்த்து, இன்னொரு தரம் சீவி, அப்புறம்தான் பிள்ளைகளிடம் கொடுத்தார்.

பழங்களைத் தாத்தா ஒவ்வொன்றாகப் பிளக்கப் பிளக்கப் பிள்ளைகள் கொட்டைகளை எண்ணினார்கள். ஒன்றில் மூன்று கொட்டை. அடுத்ததில் இரண்டு. ஒரு சின்னப் பழத்தில் ஒன்றே ஒன்று. "மத்த ரெண்டும் எங்க தாத்தா?" என்று ஒரு பையன் விடாமல் கேட்டான். "அது அவ்வளவுதான் சாமி பெத்திருக்கு" என்றார். பிறகு மூன்று கொட்டைப் பழம், இரண்டு கொட்டைப் பழம், ஒற்றைக் கொட்டைப் பழம் என்று அவர்களே மூன்று கும்பலாகப் பிரித்தார்கள். எந்தக் கும்பல் பெரிது என்று பார்த்தார்கள். ஆளுக்கு ஒரு கொட்டை கொடுத்து, யாருக்கு இல்லை, எத்தனை மிச்சம் என்று கண்டுபிடித்தார்கள். நான்கு வயதில் கணக்கு என்பது இதுதான். ஒன்று முதல் நூறு வரை ஒப்பிக்கிற பிள்ளைக்கும் ஐந்து கொட்டையை எண்ணி எடுத்துக் கொடுப்பது கடினமாக இருக்கலாம். அந்தத் திறமை இந்த வாரம் நிறையப் பேருக்கு வந்திருக்கிறது.

ஓலை முடைய வந்த பாட்டிமார்களான அம்மிச்சிகளுக்குத் தனி நன்றி. கிலுக்கும் மீனும் காற்றாடியும் செய்து கொடுத்தீர்கள். அதோடு விடாமல், பிள்ளைகளை மடியில் உட்கார வைத்து, ஒரு ஓலைக்கு மேலே, அடுத்ததற்குக் கீழே என்று அந்தச் சின்ன விரல்களைப் பிடித்து முடையவும் வைத்தீர்கள். "எப்போ எழுதச் சொல்லித் தருவீங்க?" என்று என்னிடம் பல பெற்றோர்கள் கேட்கிறார்கள். இதுவே எழுத்துக்கு அடிப்படை என்று உறுதியாகச் சொல்வேன். பென்சிலைப் பிடிக்க விரல் நுனிக்குப் பலம் வேண்டும். கிழிப்பதும் கோர்ப்பதும் பிசைவதும் முடைவதும்தான் அந்தப் பலத்தைக் கொடுக்கும். கை பழகும் முன் எழுதச் சொன்னால் பிள்ளை பென்சிலைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

அம்மிச்சிகள் கிழித்துப் போட்ட ஈர்க்கும் வீணாகவில்லை. இரண்டு ஈர்க்கு வைத்தால் ட. மூன்று வைத்தால் ப. தரையில் உட்கார்ந்து தாங்களாகவே அடுக்கினார்கள், மணலில் விரலால் வரைந்தார்கள். பனை, பழம், பாய் என்று ப-வில் தொடங்கும் பெயர்களைத் தேடிச் சொன்னார்கள். யு.கே.ஜி. பிள்ளை ஒருத்தி மூன்று ஈர்க்கோடு ஒரு ஓலைத் துண்டையும் வளைத்து ஒட்ட வைத்து, "டீச்சர், ம!" என்றாள். அது அடுத்த வாரப் பாடம்!

மலையாளம் மீடியம் டீச்சர் தன் வீட்டிலிருந்து தென்னங்கீற்று கொண்டுவந்தார். எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டின் மாநில மரம் பனை, இந்தப் பக்கம் நம் கேரளத்துக்குத் தென்னை. இரண்டு ஓலையையும் அடுத்தடுத்து விரித்து, விசிறி மாதிரி இருப்பது எது, நீளமாகப் போவது எது என்று பிரித்துப் பார்த்தார்கள்.

சாக்குக்கும் வாளிக்கும் பணம் கொடுத்த பி.டி.ஏ.வுக்கும், பழத்தைச் சுட்டுக் கொடுத்த சமையல் அக்காவுக்கும் நன்றி. நம் ஆயாம்மாவுக்கு எவ்வளவு சொன்னாலும் போதாது. பழச்சாறு ஒட்டி மஞ்சளான ஒவ்வொரு கையையும் தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்து, பல்லில் சிக்கிய நாரையும் பொறுமையாக எடுத்துவிட்டார்.

பனங்கொட்டையைப் புதைத்தால் பனங்கிழங்கு கிடைக்கும். ஆனால் நம் கருமண்ணில் கிழங்கு இறங்கினால் தோண்டுவது பெரும்பாடு. அதனால் டிராக்டர் வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் செம்மண்ணும் மணலும் கலந்து கொண்டுவந்து, பின்சுவர் ஓரமாகப் பாத்தி கட்டித் தந்தார். சாப்பிட்ட பழத்தின் கொட்டைகள் எல்லாம் இப்போது அதில் இருக்கின்றன. பனங்கொட்டையின் முளை முதலில் கீழே இறங்கி மண்ணுக்குள்தான் கிழங்காகத் திரளும். மேலே ஒன்றும் தெரியாது. பிள்ளைகள் தினமும் தண்ணீர் தெளித்துவிட்டு "இன்னும் வரலையே" என்கிறார்கள். வீட்டிலும் கேட்பார்கள். தைக்குக் கிழங்கு வரும் என்று சொல்லுங்கள்.

பாத்தியைப் பிரிக்கும் நாளில் கடப்பாரையோடு வர தாத்தா சம்மதித்திருக்கிறார். பொங்கலுக்கு முந்தைய வாரம் இருக்கும். தேதியைப் பிள்ளைகளின் டைரியில் எழுதி அனுப்புகிறேன். முடிந்தவர்கள் எல்லோரும் வாருங்கள். அவிக்கப் பெரிய அண்டா ஒன்று தேவைப்படும். யார் வீட்டிலாவது இருந்தால் ஆயாம்மாவிடம் சொல்லி வையுங்கள்.

நன்றியுடனும் அன்புடனும்,
உங்கள் பிள்ளைகளின் ப்ரீ பிரைமரி டீச்சர்