வெள்ளவத்தை வீட்டுத்தோட்டச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, அங்கத்தவர்களே,

இவ்வாண்டு நம்மிடையே அதிகம் பயிரானது பூசணி. அதிகம் வந்த முறைப்பாடும் அதைப் பற்றியதே: கொடி நன்றாக ஓடுகிறது, பிஞ்சு மஞ்சளாகி விழுந்துவிடுகிறது. ஆகவே ஏனைய பயிர்களை விட்டு இதையே விரிவாக எழுதுகிறேன். கணக்கறிக்கையைப் பொருளாளர் வாசிப்பார்.

பிஞ்சு விழுந்ததும் யூரியா போடுவது பலருக்கு வழக்கமாகிவிட்டது. அதை நிறுத்த வேண்டும். யூரியாவில் உள்ள தழைச்சத்து கூடினால் இலையும் ஆண்பூவும்தான் பெருகும். முதலில் விழுந்த பிஞ்சை எடுத்து நெடுக்காக வெட்டிப் பாருங்கள். தோலில் துளையில்லை, நுனியிலிருந்து மஞ்சளாகிச் சுருங்கியிருக்கிறது, உள்ளே சுத்தம் என்றால் மகரந்தம் சேரவில்லை. ஊசி குத்தியது போன்ற புள்ளியில் பிசின் கசிந்து, உள்ளே வெள்ளைப்புழு நெளிந்தால் அது பழ ஈயின் வேலை.

பூசணிப்பூ விடியும்போது விரிந்து, வெயில் ஏற ஏறக் கூம்பிவிடும். மகரந்தம் பசைத்தன்மையும் கனமும் உள்ளது. காற்றில் பறக்காது, தேனீதான் சுமக்க வேண்டும். மாடிக் கட்டடங்களுக்கு நடுவே தேனீ குறைவு. மழைக்காலையில் அதுவும் வராது, நனைந்த மகரந்தமும் பயன்படாது. ஆகவே காலை 6 மணிக்கும் 8 மணிக்கும் இடையில் கையால் சேர்ப்பதே நிச்சயமான வழி. அன்று விரிந்த ஆண்பூவைக் காம்போடு பறித்து, இதழ்களைக் கிள்ளிவிட்டு, அடியில் குட்டிப் பிஞ்சு தாங்கிய பெண்பூவின் நடுமுடியில் எல்லா மடல்களிலும் படும்படி தடவுங்கள். ஒரு பெண்பூவுக்கு இரண்டு ஆண்பூ நல்லது. மகரந்தம் குறைவாகப் பட்டால் காய் கோணலாகும். ஆரம்பத்தில் ஆண்பூ மட்டுமே பூக்கும், அது குறையல்ல. மிஞ்சிய பூக்களையும் கிள்ளிய இளந்தளிர்களையும் வறை செய்யலாம்.

பழ ஈக்கு மூடுவதே சிறந்தது. மகரந்தம் சேர்த்து ஓரிரு நாளில் பிஞ்சைக் கடதாசிப் பையால் மூடி, தோல் தடிக்கும்வரை, ஏறத்தாழ இரு வாரம் விடுங்கள். வாசனை மருந்து வைத்துத் தொங்கவிடும் பொறி ஆண் ஈக்களைத்தான் இழுக்கும், முட்டையிடும் பெண் ஈ தப்பிவிடும். புழு விழுந்த பிஞ்சைக் கொம்போஸ்ட் குவியலில் போடவே வேண்டாம். புழு மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகி மீண்டும் ஈயாகும். பொலித்தீன் பையில் இறுகக் கட்டி வெயிலில் வையுங்கள்.

கொழும்பில் ஒக்டோபர், நவம்பர் மழையிலும் மே மாதத் தென்மேல் பருவத்திலும் பூ வந்தால் சிரமம். டிசம்பர் நடுவில் விதைத்தால் பெப்ரவரியின் வரண்ட நாட்களில் பூக்கும், மே மழைக்கு முன் அறுக்கலாம். நிலத்தில் 45 சென்ரிமீற்றர் அகல ஆழக் குழி, மேல்மண்ணோடு சரிபாதி கொம்போஸ்ட், குழிகளுக்கு இடையே 2 மீற்றருக்குக் குறையாத இடைவெளி. இரண்டு விதை நட்டு, வலுவான ஒன்றை வைத்திருங்கள். மொட்டை மாடியில் 50 லீற்றருக்குக் குறைந்த பை போதாது. அதில் ஒரு கொடிக்கு இரண்டு காய்தான் விட வேண்டும், பந்தலில் தொங்கும் காயை வலைப்பையால் தாங்குங்கள். நண்பகலில் இலை வாடினாலும் மாலையில் நிமிர்ந்தால் தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

காம்பு காய்ந்து தக்கையாகி, நகம் தோலில் இறங்காதபோது 5 சென்ரிமீற்றர் காம்போடு வெட்டுங்கள். காம்பு முறிந்த காய் அந்த இடத்திலிருந்தே அழுகும், அதை முதலில் சமையுங்கள்.

வரும் ஆண்டுக்கான விதைகள் டிசம்பர் முதல் வாரத்தில் பகிரப்படும். விதைக்கென வைக்கும் காயின் பூவை, அது விரிவதற்கு முன்தினம் மாலையே கட்டி வைத்து, அதே வகையின் ஆண்பூவால் சேர்த்திருக்க வேண்டும். அடுத்த வேலியின் வேறு வகையோடு கலந்த விதையைச் சங்கம் ஏற்காது. கலப்பின விதையின் காயிலிருந்து எடுத்ததையும் தயவுசெய்து கொண்டுவராதீர்கள்.

செயலாளர்