டாவோஸ் பனிச்சறுக்குப் பயணம்: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்பான பெற்றோருக்கு,

வணக்கம். எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் பெப்ரவரி 14, சனிக்கிழமை சுவிஸ் மலையூரான டாவோஸுக்குப் போகிறார்கள். நேரம், காசு பற்றிய விபரமெல்லாம் ஏற்கெனவே வந்திருக்கும். இது வேறு கடிதம். நம்மில் பலர் பனியே விழாத ஊரில் பிறந்து வளர்ந்தவர்கள். பிள்ளை கடலில் குளிக்கப் போனால் என்ன சொல்லி அனுப்ப வேண்டும் என்று நமக்குத் தெரியும். பனிச்சறுக்குக்குப் போனால் "கவனம் பிள்ளை" என்பதற்கு மேல் வாயில் வருவதில்லை.

முதலில் ஊரைப் பற்றிக் கொஞ்சம். பயணத்துக்குப் பிறகு பிள்ளைகள் தமிழில் கட்டுரை எழுத வேண்டும், வீட்டில் நீங்களும் கதைத்துப் பாருங்கள். டாவோஸ் நோயாளிகளால் பெயர் பெற்ற ஊர். ஏறக்குறைய 1,560 மீட்டர் உயரத்தில் இருக்கும் அந்தப் பள்ளத்தாக்கின் காற்று காசநோயாளிகளுக்கு நல்லது என்று மருத்துவர் அலெக்சாந்தர் ஸ்பெங்லர் நம்பினார். 1865இல் குளிர்காலத்திலேயே நோயாளிகள் வரத் தொடங்கினார்கள். பனிச்சறுக்கு அப்புறம்தான் வந்தது. சேணம் தைக்கும் தொழிலாளி தோபியாஸ் பிராங்கர் நோர்வேயிலிருந்து பனிச்சறுக்குப் பலகைகளை வரவழைத்து, ஊரார் சிரிப்பார்கள் என்று சகோதரரோடு இருட்டிய பிறகே பழகினாராம். 1893இல் இருவரும் மலையைக் கடந்து அரோசா என்ற ஊர் வரை போனார்கள்.

அந்தக் காலத்தில் சில நிமிடம் சறுக்கி இறங்க மணிக்கணக்கில் ஏற வேண்டும். அதை மாற்றியவர் சூரிச் பொறியாளர் எர்ன்ஸ்ட் கொன்ஸ்டாம். 1934 டிசம்பர் 24 அன்று டாவோஸின் போல்கன் சரிவில் அவருடைய இழுவை லிஃப்ட் ஓடத் தொடங்கியது. நம் புதுப்பிள்ளைகள் பழகப்போவதும் அதே போல்கனில்தான். ஓடும் கம்பிவடத்தில் தொங்கும் கட்டையை இடுப்புக்குக் கீழே வைத்துக்கொண்டால் அது மேலே இழுத்துப் போகும். அதில் உட்காரக் கூடாது, நின்றபடியே போக வேண்டும். விழுந்தால் கட்டையை விட்டுவிட்டு உடனே பாதையிலிருந்து விலக வேண்டும், பின்னால் அடுத்தவர் வந்துகொண்டிருப்பார். தொங்கும் சால்வை வேண்டாம்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. சப்பாத்தைப் பலகையோடு பிடித்து வைக்கும் பூட்டை இங்கே பிண்டுங் என்பார்கள். விழும்போது அது தானாகக் கழன்று காலை விட வேண்டும். எவ்வளவு விசையில் கழலும் என்பதைப் பிள்ளையின் எடை, உயரம், வயது, சப்பாத்தின் அடி நீளம், சறுக்கும் திறமை எல்லாம் பார்த்துத்தான் கடையில் திருகி வைக்கிறார்கள். சில வருடங்களுக்கு முன் மூத்தவனின் பலகையை அப்படியே இளையவனுக்குக் கொடுத்தேன். நல்ல பலகை, ஏன் வீணாக்க வேண்டும் என்று நினைத்தேன். மெதுவாகத்தான் விழுந்தான். ஆனால் பூட்டு அண்ணனின் எடைக்கு வைத்தது, கழலவில்லை. பலகை ஒரு பக்கம் திரும்ப, கால் அதனோடு முறுக்கிக்கொண்டது. கணைக்கால் எலும்பு உடைந்து ஆறு கிழமை மாவுக்கட்டோடு இருந்தான். அந்தப் பிழை என்னுடையது. உங்களில் ஒருவருக்கும் அது நேரக் கூடாது.

குளிருமே என்று இரண்டு காலுறை போட்டு அனுப்பாதீர்கள். சப்பாத்து இறுகி இரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் குளிரும். முழங்கால் வரை வரும் ஒரு சோடி போதும், பருத்தி வேண்டாம். தலைக்கவசம் கட்டாயம். நம் நிறத்துக்கு வெயில் கிறீம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. பனி வெயிலைத் திருப்பி முகத்தில் அடிக்கும், தயவுசெய்து பூசி விடுங்கள்.

சரிவில் முன்னால் போகிறவருக்கே முதலிடம், பின்னால் வருகிறவர்தான் விலகிப் போக வேண்டும். ஒடுங்கிய இடத்திலும் மேலிருந்து பார்த்தால் தெரியாத மேட்டுக்குக் கீழேயும் நிற்கக் கூடாது. படம் எடுக்க நிற்பது பெரும்பாலும் அங்கேதான். நீலப் பாதை இலகு, சிவப்பு நடுத்தரம், கறுப்பு கடினம். நம் பிள்ளைகள் நீலத்தில் மட்டும்.

பாதையை விட்டு வெளியே ஒருவரும் போவதில்லை. 1950–51 குளிர்காலத்தில் சுவிஸில் 98 பேர் மலையிலிருந்து பனி பெயர்ந்து விழும் பனிச்சரிவுகளில் இறந்தார்கள். இன்று டாவோஸில் உள்ள பனிச்சரிவு ஆய்வு நிறுவனம் அந்த ஆபத்தை 1 முதல் 5 வரை எண்ணிட்டு அறிவிக்கிறது. 3 என்றால் நடுவில்தானே என்று எண்ணிவிட வேண்டாம், உயிரிழப்புகளில் பெரும்பங்கு அந்த நிலையில்தான் நடக்கிறது. அன்று காலை நானும் அறிவிப்பைப் பார்ப்பேன்.

மீட்பு ஹெலிகொப்டருக்கு 1414. பிள்ளைகளின் கைத்தொலைபேசியில் பதிந்து விடுங்கள். இரண்டு கைகளையும் மேலே உயர்த்தினால் "உதவி வேண்டும்" என்று விமானிக்குப் புரியும், இதை வகுப்பில் பழக்கியிருக்கிறோம்.

சொந்தப் பலகை கொண்டு வருபவர்கள் பிள்ளையையும் சப்பாத்தையும் கடைக்குக் கூட்டிக்கொண்டு போய், எடையைச் சரியாகச் சொல்லிப் பூட்டை வைப்பியுங்கள். கடை தரும் துண்டுச்சீட்டை ஜனவரி 31, சனிக்கிழமை வகுப்புக்குக் கொடுத்தனுப்புங்கள். சீட்டு இல்லாத பலகையைப் பேருந்தில் ஏற்ற மாட்டேன். அந்தப் பிள்ளைக்கு அங்கேயே வாடகைக்கு எடுத்துத் தருவோம். காசு கஷ்டம் என்றால் எனக்கு மட்டும் ஒரு வார்த்தை சொல்லுங்கள், போதும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்