வலிச்சா சொல்லணும்னு புள்ளைங்ககிட்ட சொல்லுங்க

பெற்றோர் எல்லாருக்கும் வணக்கம்.

மாவட்டப் போட்டிக்கு பிராக்டிஸ் ஆரம்பிச்சாச்சு, இந்த வருஷம் மாற்றுத்திறனாளி புள்ளைங்களும் நிறைய பேர் பேரு கொடுத்திருக்காங்க, சந்தோஷம். ஆனா ஒரு விஷயம், நம்ம புள்ளைங்க வலிய மறைக்குறாங்க. வலிக்குதுன்னு சொன்னா டீம்ல இருந்து எடுத்துருவாங்க, வீட்ல "இதுக்குத்தான் போகாதன்னு சொன்னேன்"னு திட்டுவாங்கன்னு பயம். லேசான வீக்கத்தை மறைச்சு மறைச்சு ஓடித்தான் பெரிய அடியாவுது. அதனால வலின்னு சொன்ன புள்ளைய ரெஸ்ட்ல வைப்போம், டீம்ல இருந்து எடுக்க மாட்டோம், இதை வீட்லயும் சொல்லிடுங்க.

வீல்சேர்ல வர்ற புள்ளைங்களுக்கு தோள்பட்டைதான் முதல்ல போகும், ஏன்னா தள்ளுறதும் அதே கை, கட்டில்ல ஏறுறதும் அதே கை, அதுக்கு ரெஸ்டே கிடையாது. ராத்திரி அந்தப் பக்கம் திரும்பிப் படுக்க முடியலன்னா உடனே சொல்லுங்க. இடுப்புக்குக் கீழ உணர்ச்சி இல்லாத புள்ளைங்கன்னா தினமும் சாயங்காலம் பின்பக்கத்தையும் குதிகாலையும் நீங்கதான் பாக்கணும், சிவந்த இடத்தை விரலால அழுத்திப் பாருங்க, சிவப்பு மறையலன்னா அது புண்ணோட ஆரம்பம், மறுநாள் பிராக்டிஸ் வேணாம். கால் மணி நேரத்துக்கு ஒரு தடவை கைய ஊணி உடம்பைத் தூக்கி உக்காரச் சொல்லுங்க. முதுகுத்தண்டுல அடிபட்டவங்களுக்கு அடிபட்ட இடத்துக்குக் கீழ வேர்வை சரியா வராது, சூடு வெளியேறாம சீக்கிரம் மயக்கம் வந்துரும், அதனாலதான் பிராக்டிஸ காலைல எட்டு மணிக்குள்ள முடிக்கிறோம், தண்ணி ஸ்ப்ரே பாட்டில் ஒண்ணு கொடுத்து விடுங்க.

செயற்கைக்கால் போடுற புள்ளைங்க, வளர்ற வயசு, ஆறு மாசத்துக்கு முன்னாடி சரியா இருந்தது இப்ப உரசும். செயற்கைக்காலுக்கு உள்ள போடுற சாக்ஸ் வேர்வையில நனைஞ்சு அதோட ஓடுனா தோல் உரிஞ்சிரும், ஒரு ஜோடி எக்ஸ்ட்ரா அனுப்புங்க.

டவுன் சிண்ட்ரோம் உள்ள புள்ளைங்கள்ல சிலருக்கு கழுத்துல மேல இருக்குற ரெண்டு எலும்பு தளர்வா இருக்கும், டாக்டர் பாத்து ஓகே சொல்ற வரைக்கும் குட்டிக்கரணம், ஹைஜம்ப், தலைகீழா குதிக்கறது எதுவும் கிடையாது, எவ்வளவு அழுதாலும் கிடையாது. கழுத்து வலி, நடை மாறுறது, திடீர்னு உடையில சிறுநீர் போறது, இதுல எது வந்தாலும் விளையாட்டை நிறுத்திட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்க. காது கேக்காத புள்ளைங்களுக்கு விசில் பிரயோஜனம் இல்ல, கொடி காட்டுவோம். பார்வை இல்லாத புள்ளைங்க கூட ஓடுற கைடு பையன மாத்திக்கிட்டே இருக்க மாட்டோம், ரெண்டு பேரோட காலடியும் ஒத்துப் போகணும்.

பாராலிம்பிக் ஹைஜம்ப் வீரர் மாரியப்பன் தங்கவேலு நம்ம சேலம் ஜில்லாக்காரர், 2016 ரியோ பாராலிம்பிக்ல 1.89 மீட்டர் தாண்டி தங்கம் வாங்குனாரு, அப்புறம் டோக்கியோவுல வெள்ளி, பாரிஸ்ல வெண்கலம். அதனால எல்லாருக்கும் ஹைஜம்ப்தான் வேணுமாம்! நம்மகிட்ட மெத்தை இல்ல, மணல்தான், மணல்ல முதுகால விழக்கூடாது, ஒரு கால் மாத்தி ஒரு கால் தாண்டி காலாலயே இறங்குற சிசர்ஸ் ஜம்ப் மட்டும்தான். வீட்ல மாடிப்படியில பிராக்டிஸ் பண்றதா கேள்விப்பட்டேன், தயவுசெஞ்சு தடுங்க.

எல்லா புள்ளைங்களுக்கும் சேத்து சில விஷயம். அடுத்த வருஷத்துக்கும் ஆகும்னு ரெண்டு சைஸ் பெருசா ஷூ வாங்காதீங்க, கணுக்கால் பெரண்டுரும், அதுக்கு முள்ளு இல்லாத தரையில வெறுங்காலே பரவாயில்ல. வெறும் டீயோட அனுப்பாதீங்க, பழைய சோறு போதும். வாராவாரம் கொடுக்குற இரும்புச்சத்து மாத்திரைய, பொம்பளப்புள்ளைங்க முக்கியமா, தூக்கிப் போடாம முழுங்கணும். 10 வயசுக்கும் 16 வயசுக்கும் போட வேண்டிய டிடி (Td, டெட்டனஸ், தொண்டை அடைப்பான் தடுப்பு) ஊசி போட்டாச்சான்னு பாருங்க.

சுளுக்குனு ஒருத்தர்கிட்ட கூட்டிட்டுப் போய் நீவி விடுறது நம்ம ஊர்ப் பழக்கம், முதல் ரெண்டு நாள் அது வேணவே வேணாம், எண்ணெயும் வேணாம் வெந்நீர் ஒத்தடமும் வேணாம். துணியில சுத்துன ஐஸ் 15 நிமிஷம், காலை உசத்தி வைங்க, உணர்ச்சி இல்லாத இடத்துல மட்டும் ஐஸே வைக்காதீங்க, தோல் பொசுங்குறது புள்ளைக்குத் தெரியாது. நாலு அடி எடுத்து வைக்க முடியலன்னா எக்ஸ்ரே எடுக்கணும்.

அய்யோ பாவம்னு மாற்றுத்திறனாளி புள்ளைய வீட்லயே உக்கார வைக்கிறவங்க நேர்ல வந்து பேசுங்க, சும்மா உக்காந்தா தசை இன்னும் இறுகும், அதுவும் பாதுகாப்பு இல்ல. பிஸியோதெரபிஸ்ட் வட்டார வள மையத்துக்கு வர்ற நாளை சிறப்பாசிரியர் குரூப்ல போடுவாங்க, செயற்கைக்கால், காலிபர் (காலைத் தாங்குற பட்டை) போடுற புள்ளைங்கள அன்னைக்கு கண்டிப்பா கூட்டிட்டு வாங்க. கூட வர்ற ஃபார்ம்ல வலிப்பு இருக்கா, என்ன மாத்திரை சாப்பிடுறாங்க, அவசரத்துக்கு யார் நம்பர்னு எழுதி வெள்ளிக்கிழமைக்குள்ள பி.இ.டி. (விளையாட்டு ஆசிரியர்) சார்கிட்ட கொடுத்துருங்க, எழுத வராதவங்க ஆபீஸுக்கு வாங்க, நாங்களே எழுதிக்கிறோம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்