நடுவுல ஒருக்காவது காட்டுங்கய்யா

ஆசிரியர் அண்ணாச்சிக்கு வணக்கம்.

அம்பாசமுத்திரம் பக்கம் எங்க மாமா அரிசி ஆலைக்கு பில்லிங் சாப்ட்வேர் வேணும்னு ஒரு கம்பெனிகிட்ட சொன்னாவ, கார் நெல்லு வரும்போது பேசுனது, அடுத்த போகமான பிசானம் அறுத்து முடிஞ்சப்பறந்தான் மொத்தமா கொண்டாந்து வச்சாங்க, பாத்தா நெல்லு ஈரமா இருந்தா எடையில கழிக்கிற ஈரக்கழிவு போடவே அதுல இடம் இல்ல. கேட்டா "நீங்க அப்பவே சொல்லலியே"ங்கான். நடுவுல ஒருதரம்கூட கண்ணுல காட்டாம எப்படிவே சொல்ல?

நானும் சாப்ட்வேர் செய்யுற தொழில்தான், அதான் எழுதுதேன். டிசைன், கோடிங் (நிரல் எழுதறது), கடைசில டெஸ்டிங்னு ஒரே போக்குல போனா ஆபத்துன்னு வின்ஸ்டன் ராய்ஸ்ங்கற அமெரிக்க சாப்ட்வேர் நிபுணர் 1970லயே எழுதிட்டாரு. 2001ல சாப்ட்வேர்காரங்க 17 பேரு கூடிப் போட்ட அஜைல்ங்கற வேலைமுறைக் கொள்கையும், ஓடுற சாப்ட்வேர ரெண்டு வாரத்துலருந்து ரெண்டு மாசத்துக்குள்ள அப்பப்ப குடுக்கச் சொல்லுது. கட்டம் பிரிக்கக் கூடாதுங்கல. ஒவ்வொரு கட்டத்தையும் சின்னச் சின்ன சுத்தா ஓட்டணும். முதச் சுத்துல எடைச்சீட்டும் ஈரக்கழிவும் மட்டும் செஞ்சு கணக்குப்பிள்ளை கையில குடுத்து பத்து மூட்டைக்குப் போடச் சொல்லுங்க, அவரு திட்டுற திட்டுலயே அடுத்த சுத்துக்கு என்ன வேணும்னு தெரிஞ்சுரும். லோகோ, கலரெல்லாம் பொறவு பாக்கலாம் (எங்க ஆபீஸ்ல லோகோலதான் ஆரம்பிப்பாங்க, அது வேற கத). சாப்ட்வேர் செய்யச் சொல்லுற கடைக்காரங்களும் ரூவாய சுத்துக்குச் சுத்து குடுங்க, மொத்தமா முன்னாடியே நீட்டிராதீய.

இப்படிக்கு,
பாளையங்கோட்டை வாசகர்